எங்கள் நிலத்தில் ஒரு மண் வளையம்

கேள்வி: நானும் கணவரும் அயர்லாந்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. நான் நர்ஸ். போன வருடம் லிமெரிக் கவுண்டியில் ஒரு கிராமத்துப் பக்கம் பழைய வீடும் அதோடு சேர்ந்த இரண்டரை ஏக்கர் புல்நிலமும் வாங்கினோம். வீட்டுக்குப் பின்னால், நிலம் கொஞ்சம் மேடேறும் இடத்தில், வட்டமாக ஒரு மண் கரை இருக்கிறது. இடுப்பு உயரம். குறுக்கே நடந்தால் நாற்பது எட்டு. கரைக்கு வெளியே சுற்றிலும் லேசான பள்ளம். கிழக்கே மட்டும் ஒரு திறப்பு. கரை மேல் முள்மரங்கள். வாங்கும்போது வக்கீல் கொடுத்த காகிதத்தில் ‘என்க்ளோஷர், பதிவு பெற்ற தொல்சின்னம்’ என்று ஒரு வரி இருந்தது. நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது கணவர் அதைச் சமன் செய்து பாலிடனல் (பிளாஸ்டிக் தாள் போர்த்திய வளைவுக் கூடாரம்) போட்டு வெண்டை, கத்தரி, கீரை வளர்க்கலாம் என்கிறார். ஜேசிபிகாரரைக் கூப்பிட்டோம். வந்து பார்த்துவிட்டு, ‘இதை நான் தொடமாட்டேன்’ என்று வந்த வழியே போய்விட்டார். பக்கத்து நிலத்துப் பெரியவரும் வேண்டாம் என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் இது சமாதி மேடு, வீட்டை விற்றுவிடுங்கள் என்கிறார். கொழுந்தனாரோ மெட்டல் டிடெக்டர் கொண்டுவருகிறேன், புதையல் இருக்கும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பிள்ளைகள் இரண்டு பேரும் தினமும் அதற்குள்தான் விளையாடுகிறார்கள். அது தப்பா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஜேசிபிகாரரைக் கூப்பிட்டு ஒரு டீ கொடுங்கள். உங்களை நீதிமன்றப் படி ஏறாமல் காப்பாற்றியவர் அவர்தான். 2012-ல் உங்கள் பக்கத்துக் கவுண்டியான கெர்ரியில், இதே மாதிரி ஒரு மண் வளையத்தை இடித்த விவசாயிக்கு நீதிமன்றம் 25,000 யூரோ அபராதம் போட்டது. சொந்த நிலம்தான், பட்டாவும் அவர் பெயரில்தான். ஆனாலும் அந்த வளையம் அவர் விருப்பப்படி செய்யக்கூடியதாக இல்லை. உங்களுடையதும் அப்படித்தான். ஆகவே சமன் செய்யும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை.

நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளைப் பார்த்தால் எனக்கு உருவம் தெளிவாகவே தெரிகிறது. நாற்பது எட்டு என்றால் ஏறக்குறைய முப்பது மீட்டர். மேட்டு நிலம், ஒற்றைக் கரை, வெளியே பள்ளம், கிழக்கே வாசல். நேரில் பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இந்த நாட்டில் பதினைந்து வருடமாக மண்ணைத் தோண்டிப் பார்க்கும் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது அநேகமாக ஒரு ராத். ஆங்கிலத்தில் ரிங்ஃபோர்ட் என்பார்கள். காகிதத்தில் ‘என்க்ளோஷர்’ என்று மட்டும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கணக்கெடுப்புக்குப் போனவர்களால் தரையின் மேலே தெரிவதை வைத்து இன்ன வகை என்று அடித்துச் சொல்ல முடியாதபோது போடுகிற பொதுப்பெயர் அது. முள்ளும் புதரும் மூடியிருந்தால் இப்படித்தான் எழுதிவிட்டுப் போவார்கள். பெயர் சின்னது என்பதற்காகப் பாதுகாப்பு குறையாது.

ரிங்ஃபோர்ட் என்ற பெயரே ஒரு தொல்லை. ஃபோர்ட் என்றதும் கோட்டை, படை, ராஜா என்று மனம் போய்விடும். உண்மையில் அது ஒரு விவசாயக் குடும்பத்தின் வீடும் வாசலும் தொழுவமும் சேர்ந்த வளாகம். நம் ஊர்ச் சொல்லில் சொன்னால், பட்டி. மாட்டுப்பட்டி, ஆட்டுப்பட்டி என்கிறோமே, அதே மாதிரி வேலியடைத்த இடம். என்ன, இங்கே வேலிக்குப் பதில் மண் கரை. நம்மிடம் கோவில்பட்டி, உசிலம்பட்டி என்று பட்டி ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரியே இவர்களிடம் ராத், லிஸ் இரண்டும் ஊர்ப்பெயர்களின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. ராத் என்றால் சுற்றியிருக்கும் கரை, லிஸ் என்றால் உள்ளே இருக்கும் முற்றம். லிமெரிக்கில் ராத்கீல், கெர்ரியில் லிஸ்டோவல், கிளேரில் லிஸ்டூன்வார்னா. வேலைக்கு வண்டியில் போகும்போது ஊர்ப்பலகைகளைக் கவனியுங்கள், எத்தனை வருகிறதென்று நீங்களே எண்ணி அலுத்துப்போவீர்கள்.

அயர்லாந்துத் தீவு முழுவதும் இப்படி ஏறக்குறைய 45,000 வளையங்கள் கணக்கில் இருக்கின்றன. அதனால் ‘இவ்வளவு இருக்கும்போது ஒன்று போனால் என்ன’ என்று உங்கள் கணவர் கேட்கலாம். கேட்டவர்கள் நிறைய. 1973-ல் இந்த நாடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பிறகு விவசாயம் பெரிய இயந்திரங்களுக்கு மாறியது. வயல்களைப் பெரிதாக்க வேண்டும், வரப்பும் மேடும் இடைஞ்சல். அப்போது போனவை ஏராளம். ஒவ்வொருவரும் ஒன்றைத்தான் இடித்தார்கள்.

பெரும்பாலானவை கி.பி. 600-க்கும் 900-க்கும் இடையில் கட்டப்பட்டவை. கட்டிய விதம் எளிது. வட்டமாகப் பள்ளம் தோண்டி, எடுத்த மண்ணை உள்பக்கமாகவே கொட்டி, கரையாக்கி, அதன் மேல் முள்வேலியோ மரவேலியோ போட்டார்கள். உள்ளே குச்சி பின்னிய சுவரோடு வட்ட வீடுகள். அந்தக் காலத்து ஐரிஷ் சமூகத்தில் நாணயம் கிடையாது. சொத்து, கடன், நஷ்டஈடு எல்லாமே கறவை மாட்டுக் கணக்கில்தான். நல்ல வசதியான விவசாயிக்கு ‘போ-ஆரே’ என்று பட்டம், அதாவது மாட்டுக்காரப் பிரபு. பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம் என்று பொருள் என்பது நினைவுக்கு வருகிறதா? மாடு சொத்தாக இருந்தால் மாட்டுக் களவும் இருக்கும். இரவோடு இரவாக வந்து ஓட்டிக்கொண்டு போகிறவர்களைச் சற்று நேரமாவது நிறுத்திவைக்க இந்தக் கரை உதவியிருக்கும். கூடவே ‘இது இன்னாருடைய வீடு’ என்று அந்தஸ்தையும் காட்டும். இரண்டு, மூன்று கரை போட்டவர்கள் பெரிய இடத்து ஆட்கள். உங்கள் நிலத்தில் இருந்தவர் ஒற்றைக் கரைக்காரர், நடுத்தரக் குடும்பம்!

ஆன்ட்ரிம் கவுண்டியில் டியர் பார்க் ஃபார்ம்ஸ் என்ற இடத்தில் 1984 முதல் 1987 வரை ஒரு ராத்தை முழுதாகத் தோண்டினார்கள். அடியில் ஈரம் தேங்கிக் காற்றுப் புகாமல் இருந்ததால், சாதாரணமாக மக்கிப்போகும் பொருளெல்லாம் அப்படியே இருந்தது. ஹேஸல் குச்சியில் கூடை முடைவது போல இரட்டைச் சுவர் பின்னி, நடுவே குளிர் தாங்கப் பெரணி, புல் எல்லாம் திணித்திருந்தார்கள். வாசல் நிலையின் ஓக் மரம் வெட்டப்பட்டது கி.பி. 648 என்று மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்துக் கணக்கிட்டதில் தெரிந்தது. வீட்டுத் தரையில் பேன்கூடக் கிடைத்தது. தங்கம் கிடைத்திருந்தால்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெளியே பள்ளத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறதா? நிற்கட்டும். வடிகால் வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஈரம்தான் அடியில் இருக்கும் மரத்தையும் தோலையும் விதையையும் காத்துக்கொண்டிருக்கும். ஒரு தடவை காய்ந்துவிட்டால் சில வருடங்களில் எல்லாம் மக்கிவிடும்.

ஒரு சாலைத் திட்டத்துக்காக ராத் ஒன்றின் பள்ளத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது இன்றைக்கும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம்கூட இல்லை. கீழே போகப் போக ஆளை மறைக்கும் ஆழம் வந்தது. அடியில் முதல் சில மழைக்குச் சரிந்த மஞ்சள் களிமண், அதன் மேல் கறுத்த வண்டல், அதில் மாட்டுத் தாடை எலும்பு, பற்களோடு. கொஞ்சம் மேலே உடைந்த திருகைக்கல்லின் பாதி. பிடி செருகும் குழியோடு, என் பாட்டி வீட்டுத் திண்ணையில் கிடந்த அதே திருகை. அப்புறம் கரையின் அடியில் ஒரு விரல்கடை கனத்துக்குக் கரிய கோடு. கரை போடுவதற்கு முன்னால் அங்கே இருந்த புல்தரை அது! மேலே மண் விழுந்ததால் அந்த நாளோடு மூடி முத்திரை வைத்த மாதிரி நின்றுவிட்டது. அதில் உள்ள மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் அப்போது சுற்றிலும் காடா, மேய்ச்சலா, பார்லி வயலா என்று சொல்லிவிடலாம். ஜேசிபியின் ஒரே ஒரு அள்ளலில் போகிற கோடு. கரையைத் திரும்பக் கட்டலாம், இந்தக் கோட்டை யாராலும் திரும்பப் போட முடியாது.

சரி, சட்டம். இதில் நீட்டி முழக்கமாட்டேன். 1930-லிருந்து தேசியத் தொல்சின்னச் சட்டங்கள் இருக்கின்றன. 1994-ல் வந்த திருத்தம்தான் உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது: பதிவேட்டில் உள்ள எந்தத் தொல்சின்னத்திலோ அதன் அருகிலோ வேலை செய்வதாக இருந்தால், இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2023-ல் புதிய சட்டம் நிறைவேறியிருக்கிறது, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. நீங்கள் ஏதாவது செய்யப்போகும் நேரத்தில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்க வேண்டிய இடம் நேஷனல் மான்யுமெண்ட்ஸ் சர்வீஸ், தொல்சின்னங்களைக் கவனிக்கும் அரசுப் பிரிவு. அவர்களுடைய ‘ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் வியூவர்’ இணைய வரைபடத்தில் உங்கள் நிலத்தைத் தேடினால், எல்ஐ என்று தொடங்கும் எண்ணோடு உங்கள் வளையம் ஒரு புள்ளியாக நிற்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரிடம் பேசினாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அங்கேயே 1840 வாக்கில் எடுத்த பழைய நில அளவை வரைபடத்தையும் மேலே போட்டுப் பார்க்கலாம். அன்றைக்கே குட்டிக் குட்டிக் கோடுகளால் வளையம் வரைந்திருப்பார்கள். உங்கள் வீடு அப்போது இருந்ததா என்பதும் தெரிந்துவிடும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

கவனிக்க வேண்டியது, பாதுகாப்பு கரையோடு நிற்பதில்லை. வரைபடத்தில் வளையத்தைவிடப் பெரிதாக ஒரு வட்டம் போட்டிருக்கும். அதற்குள் தோண்டுவது எதுவானாலும், செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய், வேலிக்கால் குழி, முதலில் தகவல் சொல்ல வேண்டும். வழக்கமாக அனுமதி தேவைப்படாத சிறு கொட்டகைக்குக்கூட, பக்கத்தில் தொல்சின்னம் இருந்தால் அந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம். உள்ளாட்சிக் கவுன்சிலின் பிளானிங் (கட்டட அனுமதி) பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இப்போது பாலிடனல். உங்கள் கணவருடைய ஆசையில் எனக்கு முழு அனுதாபம் உண்டு. லிமெரிக் குளிரில் வெண்டைக்காய் பறிக்க வேண்டும் என்ற பிடிவாதம் நம் ஆட்களுக்கு மட்டும்தான் வரும். ஆனால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். இரண்டரை ஏக்கரில் ராத்தும் அதைச் சுற்றிய வட்டமும் போக உங்களுக்குத் தாராளமாக நிலம் மிச்சமிருக்கும். வீட்டுக்கு அருகே, வெயில் படுகிற தெற்குப் பக்கம் பாருங்கள். காடு வளர்ப்பவர்களிடம் கரையின் வெளி விளிம்பிலிருந்து குறைந்தது 20 மீட்டர் விட்டு நடச் சொல்கிறார்கள். உங்களுக்கும் அதை ஒரு உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம். தள்ளிப் போகப் போகத் தலைவலி குறையும். வளையத்தின் உள்ளே மட்டும் வேண்டவே வேண்டாம். ‘தோண்டாமல் மேலே மண் கொட்டிப் பாத்தி போடுகிறேன்’ என்பார். அதுவும் வேண்டாம். அந்த முற்றத்தில் வீடுகளின் கம்பக் குழிகளும் அடுப்பும் புல்லுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் இருக்கலாம். ஒரு மண்வெட்டிப் போடு போதும்.

உங்கள் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவரைச் சிரித்து ஒதுக்காதீர்கள், ஏனென்றால் இந்த ஊர்க்காரர்கள் அவர் பக்கம்தான். ராத்தை இங்கே ஃபேரி ஃபோர்ட் என்பார்கள். ஃபேரி என்றதும் இறக்கை வைத்த குட்டிப் பெண்களை நினைக்காதீர்கள். நம் ஊர் முனி மாதிரி. பெயரைச் சொல்லாமல் ‘அந்த நல்ல மனிதர்கள்’ என்று மரியாதையாகச் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் வீட்டைக் கலைத்தால் மாடு சாகும், மனிதனுக்கு நோய் வரும், குடும்பம் தழைக்காது. கரை மேல் இருக்கும் ஹாதார்ன் முள்மரத்தை வெட்டுவதும் அப்படியே. 1999-ல் கிளேர் கவுண்டியில் லட்டூன் என்ற இடத்தில், புதிய நெடுஞ்சாலையின் பாதையில் நின்ற ஒரே ஒரு ஹாதார்ன் மரத்துக்காகக் கதைசொல்லி எடி லெனிஹன் பத்திரிகைகளுக்கு எழுதி, பேட்டி கொடுத்து, கடைசியில் மரத்தைக் காப்பாற்றிவிட்டார். உங்கள் ஜேசிபிகாரர் வந்த வழியே திரும்பியதற்குச் சட்டம் பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதி. அவரிடம் நேராகக் கேட்டால், ‘எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் தொடமாட்டேன்’ என்பார். எனக்குத் தெரிந்த தொல்லியல்காரர்களில் பாதிப் பேரும் அப்படித்தான் பேசுவார்கள். நம் ஊரில் கோயில்காட்டில் யாரும் சுள்ளி பொறுக்காததால் காடு மிஞ்சியது போல, இந்தப் பயம்தான் ஆயிரம் வருடம் இந்த வளையங்களைக் காத்தது. சட்டத்துக்கு வயது நூறுகூட ஆகவில்லை.

சமாதி மேடா என்றால், கட்டியபோது இல்லை, அது வீடு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைத் தேவாலயத்தின் மண்ணில் புதைக்க முன்பு இங்கே அனுமதிக்கமாட்டார்கள். அந்தக் குழந்தைகளை அப்பாக்களும் தாத்தாக்களும் இரவில் கொண்டுபோய், யாரும் உழாத இடமாகப் பார்த்துப் புதைத்தார்கள். அப்படிப்பட்ட இடங்களுக்குக் கில்லீன் என்று பெயர். சில ராத்துகளுக்குள் அவை உண்டு. போன நூற்றாண்டு வரைகூட நடந்த விஷயம். உள்ளே பெயரில்லாத சிறு கற்கள் நட்டு வைத்த மாதிரி வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் எதையும் அசைக்க வேண்டாம். பக்கத்து நிலத்துப் பெரியவரிடம் தனியாக, மெதுவாகக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும், சொல்வதற்குத் தயங்கலாம். மாமியாருக்கு விளக்கேற்ற வேண்டும் என்று தோன்றினால் ஏற்றட்டும், தட்டில் வைத்து, கரைக்கு வெளியே, காய்ந்த முள்ளுக்குத் தள்ளி. அதற்காக வீட்டை விற்க வேண்டியதில்லை. விற்கிற காலம் வந்தால், வாங்குபவரிடம் சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

கொழுந்தனாருக்கு எழுதும்போது என் குரல் கொஞ்சம் உயர்கிறது, மன்னியுங்கள். டிடெக்டரை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேட அதைப் பயன்படுத்துவது 1987-லிருந்தே இங்கே குற்றம். அதற்கு முன் 1980-ல் டிப்பரரியில் டெரினஃப்லன் என்ற பழைய மடத்து நிலத்தில் டிடெக்டரோடு போனவர்களுக்கு வெள்ளிப் பூசைக் கிண்ணமும் தட்டும் கிடைத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகுதான் சட்டம் இறுகியது. உரிமையாளர் யாரென்று தெரியாத தொல்பொருள் கிடைத்தால் இன்று அது அரசுக்குச் சொந்தம், 96 மணி நேரத்துக்குள் தேசிய அருங்காட்சியகத்துக்குத் தகவல் போக வேண்டும். பிள்ளைகள் முயல் வளைக்கு வெளியே ஏதாவது பழைய பாசிமணி கண்டெடுத்தாலும் இதே விதிதான். எடுத்த இடத்தைக் குறித்து, கழுவாமல் வைத்துச் சொல்லுங்கள். அப்படியும் தங்கம் வருமா என்றால், ராத்தில் தங்கம் கிடைப்பது மிக அபூர்வம். டப்ளின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் மின்னும் அந்தத் தங்கக் கழுத்தணிகள் பெரும்பாலும் இதற்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் முந்திய வெண்கலக் காலத்தவை. உங்கள் ஒற்றைக் கரைக்காரர் பணத்தைப் பசுவாக வைத்திருந்தார். பசு புதையலாகக் கிடைக்காது.

இனி, யாரும் கேட்காத ஒன்று. நான் பார்த்த வரையில் ராத்துகளுக்கு ஜேசிபியைவிட அதிகம் கெடுதல் செய்வது நல்ல மனசுதான். வாங்கிய புதிதில் ‘சுத்தம் செய்கிறோம்’ என்று ஒரு சனிக்கிழமை கிளம்பிவிடுவார்கள். முள்மரத்தை வேரோடு கயிறு கட்டி இழுப்பார்கள். வேரோடு கரையும் வரும். வெட்டிய முள்ளை நடு முற்றத்திலேயே குவித்துக் கொளுத்துவார்கள். அடியில் மண் வெந்துபோகும். பள்ளத்தை நிரப்ப வீட்டு இடிபாட்டைக் கொட்டுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கரையை நேர்த்தியாக்கி மேலே கல் பதித்து நடைபாதையே போட்டுவிட்டார். மனிதர் அதைப் பெருமையாகத்தான் காட்டினார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அதன் மேல் நல்ல புல்தரை இருக்க வேண்டும். புல்வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குச் சிறந்த வழி ஆடு, செம்மறி ஆடு. உங்களுக்கு ஆடு இல்லையென்றால் யாரிடமாவது கோடையில் மேய்ச்சலுக்கு விடச் சொல்லுங்கள். பக்கத்துப் பெரியவரிடம் மாடுதான் இருக்கிறது என்றால், கன்றுகளைத் தரை காய்ந்திருக்கும் மாதங்களில் விடலாம். மழைக்காலத்தில் பெரிய மாடு கரையில் ஏறி இறங்கினால் இரண்டே வருடத்தில் சேறும் சரிவுமாகிவிடும். தீவனத் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் வளையத்தின் பக்கமே வேண்டாம். மாடுகள் ஒரே இடத்தில் கூடி மிதிக்கும். மேய்ச்சலே முடியாது என்றால் வருடத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ ஸ்டிரிம்மரால் புல்லை அடித்து, அடித்ததை வாரி வெளியே எடுங்கள். பிராம்பிள் முள்ளும் பெரணியும் ஏறிவருகிறதென்றால் தரையோடு வெட்டுங்கள், பிடுங்காதீர்கள். பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலிப் புதரையும் இப்படிப்பட்ட புதர்களையும் வெட்டத் தடை, ஆகவே செப்டம்பருக்கு மேல். பெரிய மரம் சாய்கிற நிலையில் இருந்தால் மட்டும் நேஷனல் மான்யுமெண்ட்ஸ் சர்வீஸில் கேட்டுவிட்டு அடிமரத்தை நிறுத்தி மேலே அறுக்கலாம். முயல் வளை பரவினாலும் அங்கேயே சொல்லுங்கள். பேட்ஜர் (வளை தோண்டி வாழும் காட்டு விலங்கு) குடியிருந்தால் அதுவும் சட்டப் பாதுகாப்பு உள்ள பிராணி, நீங்களாக ஒன்றும் செய்ய முடியாது. வளையத்துக்குள் ஓரிடத்தில் மட்டும் நெட்டில் செடி, நம் காஞ்சொறி மாதிரி, திட்டாக முளைத்திருக்கிறதா? சாணமும் சாம்பலும் சேர்ந்து உரமேறிய மண்ணில் அது செழிக்கும். சமீபத்து மாடுகள் படுத்த இடமாகவும் இருக்கலாம், பழைய தொழுவமாகவும் இருக்கலாம். எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.

கவுன்சிலில் ஹெரிட்டேஜ் ஆபீசர் என்று ஒருவர் இருப்பார். அவரை ஒருமுறை வீட்டுக்கு அழையுங்கள். இந்த ஊரில் இதற்கெல்லாம் காசு கேட்கமாட்டார்கள், வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்கள். கரை எங்காவது சரிந்து பழுது பார்க்க வேண்டியிருந்தால், கம்யூனிட்டி மான்யுமெண்ட்ஸ் ஃபண்ட் என்று ஒரு மானியம் இருக்கிறது, தனியார் நிலத்துச் சின்னங்களுக்கும் கவுன்சில் வழியாக விண்ணப்பிக்கலாம். அதற்கும் அவரே வழி சொல்வார்.

கடைசியாகப் பிள்ளைகள். தாராளமாக விளையாடட்டும். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னாலும் அங்கே பிள்ளைகள்தான் ஓடிக்கொண்டிருந்திருப்பார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. சில ராத்துகளில் சூட்டரேன் என்று கல் வைத்துக் கட்டிய நிலவறை உண்டு. பால், வெண்ணெய் வைக்கவும், களவு வந்தால் ஒளியவும். மேல்கல் இளகியிருந்தால் கால் உள்ளே போய்விடும். முதலில் நீங்களும் கணவரும் ஒருநாள் முழு இடத்தையும் மெதுவாக நடந்து பாருங்கள். எங்காவது தரை திடீரென்று குழிந்திருந்தால், மிதிக்கும்போது பானை மேல் நடப்பது போலச் சத்தம் வந்தால், அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டித் தடுத்துவிட்டு நேஷனல் மான்யுமெண்ட்ஸ் சர்வீஸுக்குச் சொல்லுங்கள். உள்ளே இறங்கிப் பார்க்க யாருக்கும், முக்கியமாகக் கொழுந்தனாருக்கு, அனுமதி இல்லை. அப்படி ஒன்றும் இல்லையென்றால் கிரிக்கெட்டோ ஃபுட்பாலோ ஆடட்டும். ஸ்டம்பும் கோல் போஸ்ட்டும் மட்டும் தரையில் அடிக்காமல், அடித்தட்டோடு தூக்கி வைக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள்.